நாலரை முதல் ஆறரை வரை

பூமாரிக்கு ஒரு நாளில் சொந்தமென்று இருந்தது இரண்டே இரண்டு மணி நேரம்தான். காலை நாலரையிலிருந்து ஆறரை வரை. மிச்சம் இருபத்திரண்டு மணி நேரத்துக்கும் ஆளாளுக்குப் பட்டா போட்டு வைத்திருந்தார்கள். சாலைக் கடைத்தெருவில் அவள் சேலை விரித்துக் காட்டுகிற ஜவுளிக் கடைக்குப் பத்தரை மணி நேரம். டெம்போ ஓட்டுகிற புருஷன் சொரிமுத்துவுக்குச் சோறும் துணியும். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் ஜானவிக்கு டிபன் பாக்ஸ், புராஜெக்ட், காணாமல் போன சாக்ஸ். தூக்கம்கூட முழுசாக அவளுடையது இல்லை. அசந்து கண்ணை மூடினால் எழுப்பி, "தேங்காய் எண்ணெய் எங்கே இருக்கு?" என்று கேட்கிற வீடு அது.

அந்த இரண்டு மணி நேரத்தை அவள் எடுத்து வைத்தது பரீட்சைக்காக. கேரள அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற பி.எஸ்.ஸி. நடத்துகிற கிளார்க் பரீட்சை. சில வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். முன்பு இரண்டு முறை எழுதியிருக்கிறாள். முதல் தடவை படிக்காமலே போய் எழுதி, தோற்க வேண்டிய விதத்தில் தோற்றாள். இரண்டாம் தடவை இரண்டு மார்க்கில் ராங்க் பட்டியலுக்கு வெளியே நின்றாள். இப்போது வயது முப்பத்தொன்பது. சாதிச் சலுகையெல்லாம் சேர்த்தும் வயது வரம்பு அவ்வளவுதான். இதை விட்டால் அடுத்த அறிவிப்பு வரும்போது அவள் தலைகீழாக நின்றாலும் விண்ணப்பம் போட முடியாது.

அவளுக்கு அந்த வேலை எதற்கு என்று கேட்கிறவர்கள் அவள் காலைப் பார்க்க வேண்டும். பதினான்கு வருடம் நின்றே வேலை பார்த்ததில் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு பச்சை பச்சையாகப் புடைத்திருந்தது. கடைப் பெண்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தது. கடையில் ஸ்டூலும் வந்தது. உட்காரத்தான் நேரம் வரவில்லை. மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி, அதில் தன் பெயருக்கு ஓர் இடம், ஐந்து மணிக்கு எழுந்து போகலாம் என்கிற உரிமை. பூமாரி கேட்டது இவ்வளவுதான்.

இரண்டாம் தடவை தோற்ற பிறகு, தனக்கு இல்லாதது மூளை அல்ல, நேரம்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கோட்டுப் போட்ட ஒருவர் மலையாளத்தில் பேசுகிற வீடியோக்களை ஜானவி காட்டிக் கொடுத்தாள். உங்கள் நேரத்தைத் திருடுகிறவர்கள் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று அந்த மனுஷன் சொன்னதும் பூமாரிக்குப் புல்லரித்துப் போனது. இவர் நம் வீட்டுக்கு எப்போது வந்து பார்த்தார் என்று நினைத்தாள். விஷுவுக்கு மறுநாள் ஒரு சார்ட் பேப்பர் வாங்கி, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, மணக்காட்டில் அவர்கள் வாடகைக்கு இருந்த வரிசை வீட்டின் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். ஒரு நாளுக்கு ஒரு கட்டம். படித்தால் ஒரு டிக்.

முதல் மாதம் யுத்தம்தான். நாலரைக்கு அலாரம் அடித்தால் ஜானவி தலையணையைத் தூக்கி எறிவாள். நாலே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். அந்த நேரத்தில் பிடித்தால்தான் உண்டு. ஐந்து மணிக்குச் சொரிமுத்து எழுந்து, விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, டீ கேட்பான். அவன் கேட்கிற தோரணையில் குற்றம் எதுவும் இருக்காது. பெண்டாட்டி முழித்திருக்கிறாள், டீ கேட்கிறோம், இதில் என்ன தப்பு என்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்தால்தான் பூமாரிக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் ராங்க் ஃபைலைப் படாரென்று மூடிவிட்டு எழுந்தாள். ராங்க் ஃபைல் என்பது இந்தப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் எல்லாரும் சுமந்து திரிகிற தடித்த புத்தகம். அதைச் சத்தமாக மூடினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நாலரையிலேருந்து ஆறரை வரைக்கும் நான் இந்த வீட்டுல இல்ல. கன்னியாகுமரிக்குப் போயிருக்கேன்னு நெனச்சுக்கிடுங்க. டீ வேணுமா, அடுப்பு அங்க இருக்கு. தண்ணி வருதா, குடம் இங்க இருக்கு."

சொரிமுத்து அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடம் ஆகியும் ஊர்ப் பேச்சை விடாதவன். போர்வைக்குள்ளிருந்தே சொன்னான்:

"ஏளா, கன்னியாகுமரிக்குப் போறவ லைட்டை அணைச்சுட்டுப் போகப்பிடாதா?"

ஜானவி சிரித்தாள். பூமாரி சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவன் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். முணுமுணுத்துக்கொண்டுதான் போனான், இருந்தாலும் போனான். ஜூன் மாதம் மழை பிடித்தபோது வீடு பழகிவிட்டது. அவள் உடம்பும் பழகிவிட்டது. அலாரம் அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே கண் தானாகத் திறந்துகொள்ளும்.

அதோடு விட்டாளா? ருசி கண்டுவிட்டாள். நேரத்தை மிச்சம் பிடிக்க ஆரம்பித்தவளுக்கு வேறு எதிலும் நாட்டம் போகவில்லை. கடைக்கு நடக்கிற இருபது நிமிடத்தில் காதில் கேள்வி பதில். சேலை மடிக்கும்போது மனதுக்குள் கேரளத்தின் நாற்பத்து நான்கு நதிகள். வாட்ஸாப்பில் பி.எஸ்.ஸி. படிக்கிறவர்களின் குழு மூன்று இருந்தது. காலை வணக்கமும் பூப்படமும் போட்டே அவர்கள் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று மூன்றிலிருந்தும் வெளியேறினாள். போனில் மெசேஜ் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் பதினைந்து நிமிடம். வந்து குவிந்திருக்கும் மெசேஜ்களை ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் ஏது? மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மொத்தமாக அழிப்பாள். அழிக்கும்போது வீடு பெருக்கி முடித்த மாதிரி ஒரு நிம்மதி வரும்.

கடையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். இரண்டரையிலிருந்து மூன்று. ஐந்து நிமிடத்தில் சோற்றை விழுங்கிவிட்டு, மாடியில் ஸ்டாக் வைக்கிற அறையில் சேலைக் கட்டின்மேல் உட்கார்ந்து, தான் எழுதிய அட்டைகளைப் புரட்டுவாள். ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி. அறுநூறு அட்டைக்கு மேல் எழுதியிருந்தாள். அந்த நேரத்தில் யாராவது பேச வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். வலது ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டுவாள். மூன்று மணிக்கு மேல் பேசு என்று அர்த்தம். கடையில் எல்லாருக்கும் அந்த விரல் தெரியும். சூப்பர்வைசர் தாணுமாலையன்கூட ஒருமுறை அந்த விரலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

நைட்டிப் பிரிவில் கௌசல்யா என்று ஒருத்தி. இருபத்தெட்டு வயது. அவளும் இதே பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். படிப்பாளா என்றால் அதுதான் இல்லை. கடைக்குள் நுழையும்போது எல்லாரும் போனை வாசல் பெட்டியில் போட வேண்டும். இவள் பழைய போன் ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டு நல்ல போனை நைட்டிக் கட்டுக்குள் ஒளித்து வைப்பாள். சாப்பாட்டு நேரம் முழுக்க ரீல்ஸ். யாரோ ஆடுவார்கள், இவள் சிரிப்பாள்.

"வெக்கமா இல்லையாட்டி உனக்கு? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இதுல போகுது, கணக்குப் பாத்திருக்கியா?" என்று பூமாரி ஒரு நாள் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தா சங்கடம் வரும் அக்கா. அதான் பாக்கல்ல" என்றாள் கௌசல்யா.

இவளெல்லாம் எங்கே உருப்படப் போகிறாள் என்று பூமாரி மனதார நினைத்தாள். அப்படி நினைத்ததில் கொஞ்சம் சுகமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் மாதம், ஆடித் தள்ளுபடி உச்சத்தில் இருந்த ஒரு நாள், இரண்டே முக்காலுக்குக் கௌசல்யா ஸ்டாக் அறைக்கு ஏறி வந்தாள். கையில் போன்.

"பூமாரிக்கா, ஒரு காரியம். நீங்க அது குடுத்தாச்சா? அந்த..."

விரல் உயர்ந்தது.

"இல்ல அக்கா, ஒரே ஒரு நிமிஷம்..."

விரல் இறங்கவில்லை. அட்டையில் இருந்த கேள்வி, கேரளத்தின் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் எவை என்பது. பூமாரி கண்ணை மூடி மூன்றையும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கௌசல்யா உதட்டைச் சுழித்துவிட்டு இறங்கிப் போனாள். மூன்று மணிக்குக் காட்டாக்கடையிலிருந்து ஒரு கல்யாணக் குடும்பம் வந்து இறங்கியது. பதினோரு பேர். அறுபது சேலை விரித்தாள். கௌசல்யாவின் காரியம் அந்தச் சேலைகளுக்கு அடியில் போய்விட்டது. அவளும் மறந்தாள், இவளும் மறந்தாள். என்ன காரியம் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை பாடு இல்லை.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஹால் டிக்கெட் வந்தது. கௌசல்யாதான் மாடிக்கு ஓடி வந்து சொன்னாள். விரலைக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, எனக்கு நெய்யாற்றின்கரையில சென்டர். உங்களுக்கு எங்க?"

 இன்னும் இரண்டு வாரம். பாடம் எல்லாம் இரண்டு சுற்று முடித்தாகிவிட்டது, மூன்றாம் சுற்று நடக்கிறது. மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தால் நூற்றுக்கு எழுபத்தெட்டுக்குக் குறையாமல் வருகிறது. போன தடவை பட்டியலில் கடைசியாக நின்றவரின் மார்க் அதைவிடக் குறைவு. பூமாரி கௌசல்யாவின் போனை வாங்கித் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தாள். பக்கம் திறந்தது. அவள் போட்டோ இருந்தது, பெயர் இருந்தது. ஹால் டிக்கெட் என்று அமுக்குகிற இடம்தான் இல்லை. தேர்வின் பெயருக்கு நேராகச் சிவப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

"என்னடி இது?"

கௌசல்யா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறிய விதத்திலேயே பூமாரிக்கு விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

"அக்கா... நீங்க கன்ஃபர்மேஷன் குடுக்கல்லியா?"

"என்ன கன்ஃபர்மேஷன்?"

விண்ணப்பம் போட்டால் மட்டும் போதாது. பரீட்சைக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு இருபது நாள் தருவார்கள். அதற்குள் அவரவர் பக்கத்தில் போய், ஆமாம் நான் எழுதப் போகிறேன் என்று ஒரு தடவை அமுக்கி உறுதி சொல்ல வேண்டும். சொல்லாதவர்கள் எழுத வரப்போவதில்லை என்று வைத்துக்கொண்டு பெயரை எடுத்துவிடுவார்கள். பி.எஸ்.ஸி. படிக்கிற பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். போன தடவை பூமாரிக்காக எல்லாவற்றையும் அட்டக்குளங்கரை இன்டர்நெட் கடைப் பெண் செய்து கொடுத்தாள். உறுதி சொன்னதும் அவள்தான். இந்தத் தடவை அடுத்தவர்களை நம்பி நேரத்தை வீணாக்கக் கூடாது என்று பூமாரி தானே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டாள். அப்படி ஒரு படி பாக்கி இருக்கிறது என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? குழுக்களில் நாள் தவறாமல் சொன்னார்கள். அவள் குழுக்களில் இல்லை. போனுக்கு மெசேஜ் வந்திருக்கும். ஆடித் தள்ளுபடி விளம்பரங்களோடு சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையும் பெருக்கித் தள்ளியிருப்பாள்.

"உனக்குத் தெரியும்லா? தெரிஞ்சும் ஏன்டி எங்கிட்ட சொல்லல்ல?" பூமாரியின் குரல் மாடியிலிருந்து கீழே கேட்டது.

"சொல்ல வந்தேன் அக்கா! ஆகஸ்ட்டுல, கடைசித் தேதிக்கு ரெண்டு திவசம் முன்னாடி. இதே இடத்துல. நீங்கதான் விரலைக் காட்டினீங்க."

"அப்புறம் சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?"

"நீங்க ஆரு, எல்லாத்தையும் டைம் போட்டுச் செய்யுற ஆளு! என்னைப் போல உள்ளவளே குடுத்தாச்சு, நீங்க குடுத்திருக்க மாட்டீங்கன்னு நான் எப்படி நினைப்பேன்?"

பூமாரிக்குத் திட்டுவதற்கு நாக்கின் நுனி வரை எல்லாம் வந்து நின்றது. ஆனால் எந்தத் திட்டை எடுத்தாலும் அது சுற்றிக்கொண்டு தன் பக்கமே வந்தது. ஊரில் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யாமல் போனே கதியென்று கிடந்தவளுக்கு ஹால் டிக்கெட். அறுநூறு அட்டை எழுதியவளுக்குச் சிவப்பு வரி. இதில் யாரை அடிப்பது?

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டு, கிழக்கே கோட்டை ஸ்டாண்டில் பஸ் ஏறி, பட்டம் என்கிற இடத்தில் இருக்கிற பி.எஸ்.ஸி. ஆபீசுக்குப் போனாள். வீட்டிலிருந்து சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கொண்டாள். போதாக்குறைக்குச் சுவரிலிருந்து சார்ட்டையும் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். அதை எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி கண்ணாடி போட்ட, சாந்தமான பெண்மணி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள்.

"இனி ஒண்ணும் செய்யான் பற்றில்ல சேச்சி. தேதி கழிஞ்சு போயி." தேதி முடிந்துவிட்டதாம், ஒன்றும் செய்ய முடியாதாம்.

"நான் எழுதுவேன் மேடம். உறுதி சொல்லாததுதான் தப்பு, எழுதாம இருக்கப் போறதில்ல. பாருங்க." பூமாரி சார்ட்டை விரித்துக் கவுண்டரின் மேல் வைத்தாள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைக்கும் கட்டம் கட்டமாக டிக். வெற்றுக் கட்டம் ஏழே ஏழுதான். அதில் மூன்று ஜானவிக்குக் காய்ச்சல், இரண்டு இவளுக்குக் காய்ச்சல், ஒன்று டெம்போ ஆற்றிங்கலில் பழுதாகி நின்ற நாள், ஒன்று சும்மா தூங்கிவிட்ட நாள். "ஒரு அமுக்கு மேடம். ஒரே ஒரு அமுக்கு. அதுக்காக ஆறு மாசத்தையும் தூக்கிக் குப்பையில போடுவீங்களா?"

அந்தப் பெண்மணி சார்ட்டை மேலிருந்து கீழ் வரை நிஜமாகவே பார்த்தாள்.

"நல்ல கையக்ஷரம்" என்று கையெழுத்தைப் பாராட்டினாள்.

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. பாவம், அவளைக் குறை சொல்லி என்ன? விதி என்றால் விதி. வரிசையில் பின்னால் நின்ற இளைஞன் ஒருவன் தொண்டையைச் செருமினான். பூமாரி சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோட்டுப் போட்ட அந்த வீடியோ மனுஷன் கையில் கிடைத்திருந்தால் கோட்டோடு சேர்த்துக் கிழித்திருப்பாள். திருடர்களை விரட்டு, கதவைச் சாத்து என்று சொன்னவன், தபால்காரன் வந்தால் என்ன செய்வது என்று சொன்னானா? பழக்கம் வந்தால் வெற்றி தானாக வரும் என்றானே! பழக்கம் வந்தது. அது வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. வெற்றி எந்த ஸ்டாப்பில் இறங்கிப் போனதோ தெரியவில்லை.

வீட்டில் சொரிமுத்து விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். பிறகு, "போட்டும் விடுளா. நமக்கு விதிச்சது இவ்வளவுதான்" என்றான். ஹோட்டலில் அப்பமும் முட்டைக் கறியும் வாங்கி வந்தான். அவனுக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த வருத்தம் இரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் பங்கு பிரிக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் தாணுமாலையன். "பூமாரி, படிப்புத் தொல்லை தீர்ந்ததில்லா? தீபாவளிக் கூட்டம் தொடங்குது. வீட்டு வேலையை வெள்ளனமே முடிச்சுட்டு ஒரு எட்டு மணிக்கு வந்துட்டா ஸ்டாக் எல்லாம் அடுக்கிடலாம்" என்றார். கேள்வி மாதிரி இல்லை, முடிவு மாதிரி இருந்தது. அடுத்தது ஜானவி. ஸ்கூலுக்கு ரெட்டைப் பின்னலும் மத்தியானத்துக்குப் புது டிபனும் வேண்டுமாம். "இனி டைம் உண்டல்லோ அம்மா?" என்றாள். சனிக்கிழமை கௌசல்யா மாடி ஏறி வந்தாள். ஸ்டாக் அறை வாசலில் தயங்கித் தயங்கி நின்றாள்.

"அக்கா, கோவப்படாதீங்க. எனக்கு ஒரு பாடமும் தெரியாது. இன்னும் பத்து திவசம்தான் உண்டு. காலையில அந்த நாலரை டைம் இனி உங்களுக்குச் சும்மாதானே கிடக்கு? வீடியோ கால்ல எனக்குக் கொஞ்சம் சொல்லித் தந்தா..."

பூமாரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கன்னத்தில் ஒன்று வைத்தால் என்ன என்று கை பரபரத்தது. பைக்குள் கையை விட்டாள். ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக் கட்டுகள் ஆறையும் எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"எல்லாம் இதுல இருக்கு. கொண்டு போ. படிச்சா படி, படிக்காட்டி அடுப்புல போடு. ஆனா என் நேரத்தைக் கேட்டு இன்னொரு தடவை இந்தப் படி ஏறாத."

கௌசல்யா அட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

கடைசியாக வந்தவன் சொரிமுத்து. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, நல்ல மனநிலையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தானிய மண்டியில் லோடு ஏற்றுகிற ஆட்கள் பத்துப் பேர் மத்தியானத்துக்கு வீட்டுச் சோறு கேட்கிறார்களாம். வாழையிலையில் சோறு, ஒரு கூட்டு, ஒரு மீன் வறுவல் வைத்துப் பொதிச்சோறாகக் கட்டிக் கொடுத்தால் போதுமாம்.

"நீ எப்படியும் நாலரைக்கு முழிச்சுக்கிடுதே. உடம்பு பழகிட்டுல்லா? ஆறரைக்குள்ள பத்துப் பொதி கட்டிரலாம். நாளைக்கே தொடங்கிருவோம்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்களா?"

"ஆமா."

பூமாரி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவன் போய் ஒரு கட்டு வாழையிலையும் நெய்மீனும் வாங்கி வந்துவிட்டான்.

மறுநாள் நாலு இருபத்தெட்டுக்கு அவளுக்குக் கண் திறந்தது. அலாரம் வைக்கவே இல்லை. எழுந்து முகம் கழுவினாள். சமையலறை விளக்கைப் போட்டாள். சார்ட் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. மேடையில் வாழையிலைக் கட்டு. அதை எடுத்துத் தரையில் வைத்தாள். எப்போதும் உட்காருகிற பலகையில் உட்கார்ந்தாள். புத்தகம் எடுக்கவில்லை. இனி எந்தப் புத்தகம்? கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

ஐந்து மணிக்குச் சொரிமுத்து வந்து பார்த்தான். அடுப்பு பற்றவில்லை. உலை வைக்கவில்லை.

"என்னளா, இன்னும் அரிசி போடலையா? பத்துப் பேருக்கு ஆகணும்லா?"

"நான் செய்யல்ல."

"செய்யலைன்னா? என்ன செய்யுதே இங்க?"

"ஒண்ணும் செய்யல்ல. உக்காந்திருக்கேன்."

"சும்மா உக்காந்திருக்கதுக்கா நாலரைக்கு எந்திரிச்சே?" அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"இது என் நேரம்" என்றாள் பூமாரி.   "உங்க எல்லார்கிட்டயும் சண்டை போட்டு வாங்கினது. பரீட்சைக்குன்னு சொன்னதாலதான் தந்தீங்க. பரீட்சை போச்சு. என் புத்தியாலதான் போச்சு, யாரையும் குத்தம் சொல்லல்ல. அது போன உடனே ஆளுக்கொரு கையா நீட்டுறீங்களே! கடைக்கு ஒரு பங்கு, பிள்ளைக்கு ஒரு பங்கு, மண்டிக்காரனுக்கு ஒரு பங்கு. படிச்சாத்தான் எனக்கு நேரமா? படிக்காட்டி நான் யாரு? ஆறு மாசத்துல நான் சம்பாதிச்சது இது ஒண்ணுதான். இதையும் புடுங்காதீங்க."

 மண்டியில் வாக்குக் கொடுத்ததைச் சொல்லத்தான் சொரிமுத்து வாயெடுத்தான். அதைச் சொல்கிற நேரம் இது இல்லை என்று அவனுக்கும் தெரிந்தது. தரையில் கிடந்த வாழையிலைக் கட்டைப் பார்த்தான். குனிந்து அதை எடுத்துக்கொண்டு வெளியே போனான். போகும்போது கதவைச் சாத்தலாமா வேண்டாமா என்று யோசித்து, சாத்திவிட்டுப் போனான்.

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பூமாரி அழுதாள். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தே கால். ஆறரைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.